எட்டாவது மணி

சந்திரமௌலி வீட்டில் இப்போதெல்லாம் தரையில் உட்கார்ந்துதான் சாப்பாடு. சாப்பாட்டு மேஜையை ஆபீஸ் கொடுத்த யூனிக்ஸ் வகைக் கம்ப்யூட்டர் ஒன்று பிடித்துக்கொண்டுவிட்டது.

சந்திரமௌலி அதற்கு ஒரு மோடம் தேடிக்கொண்டிருந்தார். மோடம் என்பது டெலிபோன் லைன் வழியாக ஒரு கம்ப்யூட்டரை இன்னொன்றோடு பேச வைக்கும் பெட்டி. விக்ரோலி தொழிற்சாலையின் கணக்கு அதன் வழியாகத்தான் வர வேண்டும். சோதித்துப் பார்க்க இரண்டு மோடங்கள் வந்திருந்தன. ஒன்று வேகமானது, முதல் மணியிலேயே அழைப்பை எடுத்துவிடும், அதை மாற்ற முடியாது. மற்றது கொஞ்சம் மந்தம். அவர் வேகமானதைத்தான் மாட்டியிருந்தார்.

பம்பாய் செம்பூரில் அந்தக் கட்டடத்தில் போன் இருந்தது அவர்கள் வீட்டில் மட்டும்தான். கீழே இஸ்திரி போடும் பூலோகம்கூட தன் ஊருக்கு அந்த நம்பரைத்தான் கொடுத்திருந்தார். யாருக்காவது அழைப்பு வந்தால் சந்திரமௌலியின் மகள் வாலாம்பாள் பால்கனியிலிருந்து கத்துவாள். பத்து வயதுதான், தொண்டைக்கு மட்டும் வயது அதிகம்.

ஒரு நாள் அவள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது மணி ஒருமுறை அடித்தது. மோடம் உடனே கீச்சென்று கத்தியது. வாலா ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தாள். அந்தக் கீச்சலுக்கு நடுவே இருமலோடு ஒரு கிழவியின் குரல் கேட்டது.

“ஏலே பூலோகம்! ஏலே!”

அவள் பதில் சொல்வதற்குள் லைன் போய்விட்டது. வாலா கீழே ஓடிப்போய் விஷயத்தைச் சொன்னாள்.

“இருமுனாளா பாப்பா?” என்றார் பூலோகம்.

“ஆமா அண்ணாச்சி.”

“எங்கம்மாதான். படுத்த படுக்கையா கெடக்கா. போஸ்டாபீசு வரைக்கும் எப்படித்தான் தூக்கிட்டு வந்தாவளோ! எனக்கு ஞாயித்துக்கெழமதான் டிக்கெட் கெடச்சிருக்கு. அதுக்குள்ள ஒரு வார்த்த பேசிட்டாப் போதும். எப்படியும் நாளைக்கு எங்கக்கா மறுபடி கூட்டிட்டு வருவா.”

சட்டை கருகும் வாடை வந்தது. சந்திரமௌலியின் சட்டைதான். இருவருமே அதைக் கவனிக்கவில்லை.

வாலா அப்பாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் முகம் வாடிப்போனது.

“பாவம்டி. ஆனா பேக்டரிலேர்ந்து எப்ப கூப்பிடுவான்னு தெரியாதே. மோடத்தை அணைச்சு வச்சா என் வேலையே போயிடும்.”

வாலா மேஜையையே பார்த்துக்கொண்டு நின்றாள். “அந்த மந்தம் எத்தனாவது மணியில எடுக்கும்?”

“நாம எவ்வளவு சொல்றோமோ, அவ்வளவு.”

“அப்ப எட்டுன்னு சொல்லுங்கோ. அதுக்குள்ள நான் எடுத்துப் பாக்கறேன். மனுஷா பேசினா பேசறேன். பேச்சே இல்லேன்னா மிஷின். வச்சுடறேன். உடனே மறுபடி அடிச்சா தொடவே மாட்டேன், மோடம் எடுத்துக்கட்டும்.”

சந்திரமௌலி வேகமான மோடத்தை ஏக்கத்தோடு பார்த்தார். பிறகு அதைக் கழற்றி ஓரமாக வைத்தார். மந்தமானதை மாட்டி, எட்டு முறை மணி அடிக்கும்வரை பொறுத்திருக்கச் சொல்லிக் கம்ப்யூட்டரில் ஒரு வரி தட்டினார்.

மறுநாள் மூன்றாவது மணியில் வாலா போனை எடுத்தாள். அடுத்த நொடி அவள் போட்ட கூச்சலில் பக்கத்துக் கட்டடத்திலும் ஜன்னல்கள் திறந்தன. பூலோகம் செருப்புகூடப் போடாமல் படியேறி வந்தார்.

“அம்மா!”

கிழவிக்குப் போனில் மெதுவாகப் பேசத் தெரியாது. அவள் சொன்னது கூடம் முழுக்கக் கேட்டது.

“நேத்து பெத்த தாய்க்கிட்டயே விசிலடிச்சியே, வெக்கமா இல்லியால ஒனக்கு?”

பூலோகம் சிரித்துவிட்டார். “நான் இல்லம்மா, மிஷினு” என்றார். அந்தப் பக்கம் கிழவியும் இருமிக்கொண்டே சிரித்தாள். அவருக்குக் கண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. லைன் அறுந்த பிறகும் ரிசீவரைக் கீழே வைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர் ரயிலேறினார். அவர் ஊர் போய்ச் சேர்வதற்குள் அம்மா போய்விட்டாள்.

காரியமெல்லாம் முடிந்து மொட்டைத் தலையோடு திரும்பிய பூலோகம், நேராக மாடிக்கு வந்தார். 

“பாக்க வந்தவங்க அத்தன பேருகிட்டயும் ‘எம்மவன் பம்பாயிலருந்து பேசிட்டான்’னு சொல்லியிருக்கா பாப்பா. சந்தோசமாத்தான் போயிருக்கா.”

வாலா ஓவென்று அழுதாள். பூலோகம்தான் அவளைத் தேற்ற வேண்டியிருந்தது.