இடக்கை முடிச்சு

முடிச்சு ஈரமாக இருந்தது. பலகை காய்ந்து கிடந்தது, சுற்றியிருந்த மணலும் காய்ந்து கிடந்தது. முடிச்சு மட்டும், யாரோ இப்போதுதான் எச்சில் தொட்டு இறுக்கிவிட்டு நகர்ந்ததுபோல் ஈரமாக இருந்தது.

ரின்ஸ்கே குனிந்து பார்த்தாள். இரண்டு ஆள் நீளத்துக்கு நல்ல பலகை, ஏதோ கப்பலிலிருந்து விழுந்து ஒதுங்கியது. அதை நீர்க்கோட்டுக்கு மேலே மணல்குன்றின் அடிவரை இழுத்து வைத்து, ஒரு முனையில் வலைக்கயிற்றை வளையமாக மாட்டி, மீதியை நீளமாக விட்டிருந்தார்கள். அந்தத் தீவில் அதற்கு மேல் பேச்சில்லை. கடல் ஒதுக்கியதை எவன் முதலில் கட்டுகிறானோ அது அவனுடையது. அவன் வந்து எடுத்துப்போக ஒரு வருஷம் ஆனாலும் சரி. அடுத்தவன் சைக்கிளைக் கேட்காமல் எடுத்து ஒரு வாரம் ஓட்டிவிட்டுப் பல்லிளிக்கிற ஆசாமிகள்கூட, கட்டிய பலகையைக் காலால் தள்ள மாட்டார்கள். வீட்டுக்கு வீடு முடிச்சு வேறு. வாசலில் பெயர் படிப்பதுபோல் அதைப் படிப்பார்கள்.

அவளும் படித்தாள். இடப்பக்கமாக இரண்டு சுற்று, கடைசியில் சின்னதாக ஒரு காது. தீவிலேயே ஒரே ஒரு இடக்கைக்காரருக்குத்தான் அது வரும். வீபேக் கிழவருக்கு.

வீபே போய் மூன்று வருஷமாகிறது. ஒரு நவம்பர் காலையில், ஒதுங்கிய சாமான் ஏற்றுகிற தன் இழுவைப் பலகையை மணலில் இழுத்துக்கொண்டு கரையோரம் போனார். பலகை கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை. பெண்டாட்டி பிள்ளை இல்லாத மனுஷன் என்பதால் தேடுகிறவர்களும் நாலு நாளில் சலித்துப்போனார்கள்.

ரின்ஸ்கே புருஷனுக்குப் போன் போட்டாள். பதினெட்டாம் கம்பத்தருகே கடற்கரையில் அவனுக்கு ஒரு சாப்பாட்டுக்கடை. ஞாயிற்றுக்கிழமை தோறும் அவளும் ஆறு வயது மகள் நீன்கேவும் ஊரிலிருந்து மாட்டுப் புல்வெளி தாண்டி, குன்று ஏறி இறங்கி, கரையோரம் கிலோமீட்டருக்கு ஒன்றாக நட்டிருக்கும் எண் கம்பங்களை எண்ணிக்கொண்டே அங்கே நடந்து போய்ப் பட்டாணி சூப் குடிப்பார்கள்.

"எங்க இருக்கீங்க ரெண்டு பேரும்? சூப்பு அடிப்பிடிக்குது."

"பதினாலுகிட்ட. சீட்சே, இங்க ஒரு பலகை கட்டிக் கிடக்கு. வீபே முடிச்சு."

அந்தப் பக்கம் கரண்டிச் சத்தம் நின்றது. "எவனாவது கிண்டலுக்குக் கட்டியிருப்பான்."

"இடக்கையாலயா?"

"எந்தக் கையோ. நீ தொடாதே. கட்டினவன் வந்து எடுத்துக்கட்டும்."

"கட்டினவன் செத்தாச்சுப்பா."

"யாரு பார்த்தா?" என்றான் சீட்சே. சொன்னது அவனுக்கே பிடிக்கவில்லை போலிருக்கிறது, உடனே குரலை மாற்றினான். "சீக்கிரம் வா. மூடுபனி இறங்குது. நாலு மணிக்குக் கடல் ஏத்தம் முடிஞ்சு தண்ணி வத்த ஆரம்பிச்சுடும். அப்புறம் உன் மக கடல்நாய் பாக்கணும்னு தண்ணி பின்னாலயே ஓடுவா."

பனி அவன் சொல்லி முடிப்பதற்குள் வந்துவிட்டது. முதலில் கடல் போனது, பிறகு குன்றின் உச்சி, பிறகு அடுத்த கம்பம். அலைச் சத்தம் எந்தப் பக்கம் என்று தெரியாதபடி எல்லாப் பக்கமும் கேட்டது. கையை நீட்டினால் விரல் மங்குகிற அந்த வெண்மைக்குள் நீன்கே சிரித்துக்கொண்டே இரண்டு முறை ஓடி மறைந்தாள். இரண்டாம் முறை ரின்ஸ்கே கைகளால் துழாவித்தான் அவளைப் பிடித்தாள். ஒற்றைப் பிள்ளை. இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தபின் தங்கிய பிள்ளை.

கயிறு அங்கே கிடந்தது. செத்தவனுக்கு எதற்குக் கயிறு? பலகையை அவள் தொடவில்லை. வளையத்தை மட்டும் முனையிலிருந்து உருவினாள். விரல் விறைத்திருந்ததால் முடிச்சை அவிழ்த்து மறுபடி கட்டப் பொறுமையில்லை. வளையத்தை அப்படியே மகளின் மணிக்கட்டில் மாட்டி இறுக்கி, நீள முனையைத் தன் கையில் சுற்றிக்கொண்டாள்.

"நான் என்ன ஆட்டுக்குட்டியா?"

"ஆட்டுக்குட்டி சொன்ன பேச்சு கேக்கும். நடடி."

நடந்தார்கள். மக்கிய கடற்பாசி வாடையோடு இன்னொரு வாடையும் வந்தது. தாரும், நனைந்த கம்பளியும், மட்டமான சுருட்டும் கலந்தது. எங்கோ முகர்ந்த வாடைதான், யாருடையது என்று யோசிக்க அவள் விரும்பவில்லை. பதினைந்தாம் கம்பத்தைத் தொட்டுத் தாண்டியபின் பின்னால் அந்தச் சத்தம் கேட்டது. கனமான எதையோ மணலில் சர்ரென்று இழுப்பதும், நின்று மூச்சு வாங்குவதும், மறுபடி இழுப்பதும். அவர்கள் நின்றபோது அதுவும் நின்றது. பனியில் நம் சத்தமே நமக்குத் திரும்பி வரும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு ரின்ஸ்கே வேகத்தைக் கூட்டினாள்.

"ம்மா, இழுக்காதே."

"நான் இழுக்கலையே."

"இழுக்குற. கை வலிக்குது."

ரின்ஸ்கே திரும்பினாள். இருவருக்கும் நடுவே கயிறு தொளதொளவென்று மணலில் தொங்கியது. முடிச்சுக்கு அந்தப்பக்கம் ஒரு சாண் நீளத்துக்கு மிச்சமிருந்த குட்டை வால் இப்போது சாண் நீளத்தில் இல்லை. விறைத்து, நடுங்கி, வந்த வழியே பனிக்குள் நேராகப் போயிருந்தது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. நீர்க்கோட்டுக்கு மேலே நிற்கும் ஒன்றின்மேல், தன் மகள்மேல், வீபேயின் முடிச்சு. தன் கையாலேயே மாட்டியிருக்கிறாள்.

முடிச்சைப் பிய்த்தாள். அசையவில்லை. காளான் அறுக்கிற மடக்குக் கத்தியை எடுத்து, மகளின் தோலில் கீறல் விழ விழ வளையத்தை அறுத்து, தன் கையில் சுற்றியிருந்ததையும் உதறினாள். அறுந்த கயிறு பொந்துக்குள் போகிற பாம்பாகப் பனிக்குள் ஓடியது.

சர்ர். மூச்சு. சர்ர்.

நெருங்கிவிட்டது.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அலைச் சத்தத்தை நோக்கி ஓடினாள். நனைகிற மணலில் எவன் முடிச்சும் செல்லாது. அது கடலின் இடம், எந்தத் தீவுக்காரனும் அதை மீறமாட்டான். செத்தாலும் தீவுக்காரன்தானே. கணுக்கால் தண்ணீரில் நின்று காதைத் தீட்டினாள். இழுக்கிற சத்தம் காய்ந்த மணலின் விளிம்புவரை வந்தது, அங்கேயே நின்றது.

"யாரும்மா அது?"

"யாருமில்ல. என் கழுத்தைக் கட்டிக்கோ. விடாதே."

தண்ணீருக்குள்ளேயே நடந்தாள். பூட்ஸுக்குள் பனிக்கட்டியாகக் குளிர்ந்தது. பக்கத்திலேயே, இருபது அடி தள்ளி, காய்ந்த விளிம்போடு சர்ர் என்று அதுவும் கூட நடந்தது. கம்பம் எதுவும் தெரியவில்லை, காலடிக் கணக்கில்தான் எண்ணினாள். பதினாறு. பதினேழு. தூரத்தில் ஒரு ஹாரன். சீட்சேயின் வண்டி! அவனுக்குப் பொறுக்காமல் ஹாரன் அடித்துக் கூப்பிடுகிறான். இன்னும் ஒரு கிலோமீட்டர். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

கால் லேசானது. குனிந்து பார்த்தாள். தண்ணீர் கணுக்காலில் இல்லை.

நாலு மணி.

கடல் பக்கம் நகர்ந்தாள். தண்ணீர் அதற்கு முன்னால் நகர்ந்தது. மறுபடி நகர்ந்தாள். திடீரென்று கால் பள்ளத்தில் இறங்கி இடுப்புவரை, நெஞ்சுவரை குளிர் அறைந்தது. நீன்கே அலறினாள். நீரோட்டம் இருவரையும் கடல்பக்கம் இழுத்தது. ரின்ஸ்கே உதைத்துப் புரண்டு, உப்பு விழுங்கி, பிள்ளையின் சட்டையை விடாமல் பற்றிக்கொண்டு முழங்காலில் ஊர்ந்து மணலுக்கு வந்தாள். பின்னால் அலை ஒருமுறை அவள் பாதத்தைத் தொட்டது. பிறகு தொடவில்லை. நீர்க்கோடு அவர்களைத் தாண்டிக் கீழே இறங்கிவிட்டது.

கடல் அவர்களை ஒதுக்கிப் போட்டிருந்தது.

ஒதுங்கியதை எவன் முதலில் கட்டுகிறானோ.

சர்ர்.

அவளுக்கு ஒரே ஒரு வழி தோன்றியது. முந்திக்கொள்ள வேண்டும். சீட்சே வீட்டு முடிச்சு, மூன்று சுற்று, வலப்பக்கம். கல்யாணமான வாரத்தில் சீட்சே சொல்லிக்கொடுத்தது. தூக்கத்தில்கூடப் போடுவாள். பூட்ஸின் லேஸைப் பல்லால் கடித்து உருவினாள்.

"கையை நீட்டு. நீன்கே, கையை நீட்டுடி!"

"எதுக்கும்மா?"

"நீ எங்க பிள்ளை. அதுக்கு."

சர்ர். மூச்சு.

தாரும் கம்பளியும் சுருட்டும். முதுகுக்குப் பின்னால்.

திரும்பவில்லை. கட்டினாள். சுற்று. சுற்று. இழுத்து இறுக்கினாள். முடிந்தது. முந்திவிட்டாள். மூச்சு வந்தது.

ஹாரன் இப்போது கிட்டத்தில் கேட்டது. "ரின்ஸ்!" என்று சீட்சே கூப்பிடுவதும் கேட்டது. பதில் சொல்ல வாயைத் திறந்தாள்.

"ம்மா," என்றாள் நீன்கே, உதடு நீலம் பாய்ந்து, மெதுவாக. "நீ ஏன் இந்தக் கையால கட்டுன?"

ரின்ஸ்கே குனிந்து பார்த்தாள். லேஸின் முனையை அவளுடைய இடக்கை பிடித்திருந்தது. இடப்பக்கமாக இரண்டு சுற்று. சின்னதாக ஒரு காது.

அவிழ்க்கப் போனாள். விரல்கள் வரவில்லை. அவை அவள் மடியில், வேலை முடித்த கிழவனின் விரல்கள்போல் மடங்கி ஓய்ந்து கிடந்தன.

லேஸின் மிச்ச முனை மணலிலிருந்து எழும்பியது. நிதானமாக, யாரோ எடை பார்ப்பதுபோல், பனிக்குள் நேராக நீண்டது.

நீன்கே எழுந்து அதன் பின்னால் ஒரு அடி எடுத்து வைத்தாள்.