சிவப்பு பல்பின் கீழ்

ஏழாம் கூட்டிலிருந்த வெள்ளெலி யசோதாவையே பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கு அவள் தெரியமாட்டாள் என்றுதான் அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். எலியின் கண்ணுக்குச் சிவப்பு தெரியாது. அதனால்தான் அந்த ஆராய்ச்சி நிலையத்தின் ஜன்னல் இல்லாத அறையில் பகலிலும் ஒரேயொரு சிவப்பு பல்பு எரியும். அவளுக்கு அது அரைகுறை வெளிச்சம், எலிகளுக்குக் கும்மிருட்டு. மரத்தூளும் மூத்திரமும் கலந்த நெடியில், மின்விசிறியின் ஓயாத முனகலில், கூடு கூடாக நகங்கள் பிறாண்டும் சத்தத்தில், இரண்டு வருடமாக அவள் எலிகளைப் பராமரிக்கும் வேலையைச் செய்துவந்தாள். வெளிச்சம் படாத கண் வேண்டும் என்று டொக்டர் கேட்டால், ஒரு எலியின் பிடரியை இரண்டு விரலால் அழுத்தி, வாலைப் பிடித்து ஒரே இழுப்பு; கழுத்து முறிந்துவிடும். மற்றதுகளுக்குத் தெரியாது என்பதுதான் அவளுக்கு இருந்த ஆறுதல்.

அன்று அவள் கையை இடப்பக்கம் கொண்டுபோனாள். எலியின் தலையும் இடப்பக்கம் திரும்பியது. வலப்பக்கம் கொண்டுபோனாள். பிறாண்டல் நின்றது. எல்லாக் கூடுகளிலும்.

டொக்டர் ஸிபானிடம் போய்ச் சொன்னாள். அவர் சிரித்தார்.

"இது சாதா எலி இல்ல யசோதா. நெறம் காணுற கூம்புக் கலம் இருக்கே, மனுசர்ட அந்தச் சிவப்புக் கூம்பு இதுகள்ட கண்ணுல வளருது. சிவப்பு நல்லா வெளங்கும். பல்ப மாத்தச் சொல்ல மறந்திட்டன்."

"அப்ப நான் செஞ்சதெல்லாம் பாத்துக்கிட்டா இருந்துச்சுங்க சேர்?"

"எலிக்கென்ன ஞாபகம்!"

அவள் மறந்திருந்தால் வேலை போயிருக்கும். அவர் மறந்தால் அது ஒரு சிரிப்போடு முடிந்துவிடுகிறது. ஆனாலும் அவள் வாய் வேறொன்றைக் கேட்டது.

அவளுடைய மகள் சப்னாவுக்கு எட்டு வயது. பிறந்ததிலிருந்தே கூம்புக் கலங்கள் வேலை செய்யவில்லை. வெயிலில் கண் திறக்காது, நிறம் ஒன்றும் தெரியாது. ஊரில், தெல்தோட்டையில், மற்றப் பிள்ளைகள் அவளை ஆந்தை என்று கூப்பிட்டார்கள். பெற்ற மனம் பித்து. யசோதா டொக்டரின் காலில் விழுந்தாள். அந்த எலிகளின் கண்ணில் வளர்ந்த கலங்களைத் தன் பிள்ளையின் கண்ணில் வைக்கச் சொல்லி ஒரு மாதம் அழுதாள்.

"ஒத்தருக்கும் சொல்லக் கூடாது," என்றார் டொக்டர் கடைசியில்.

ஏழாம் கூட்டின் எலிகளை அவளே முடித்துக்கொடுத்தாள். ஒவ்வொன்றும் கடைசிவரை அவள் முகத்தைப் பார்த்தது.

ஆபரேஷன் முடிந்து இரண்டு மாதம் கழித்து, அவர்களுடைய குண்டசாலை வாடகை அறையில், பிற்பகல் நான்கு மணி வெயிலில், சப்னா ஜன்னலோரம் கண்ணை அகலத் திறந்துகொண்டு நின்றாள்.

"அம்மா, அந்தச் செவ்வரத்தம் பூவு... இதுதான் செவப்பா?"

யசோதா வாய்விட்டு அழுதாள். இந்த ஒரு வார்த்தைக்காக எத்தனை பாவத்தையும் சுமக்கலாம் என்று தோன்றியது. சீப்பை எடுத்துக்கொண்டு மகளிடம் போனாள்.

சப்னா சட்டென்று அசையாமல் நின்றாள். அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தாள். கை எங்கே போகிறதோ அங்கே.

"என்னா பாப்பா?"

"இந்தச் செவப்ப நான் முன்னாடியே பாத்திருக்கேன்மா."

"நீ எங்க பாத்த?"

"பெட்டிக்குள்ள இருந்து. நீங்க உள்ள வந்தா நாங்க எல்லாரும் மூச்ச அடக்கிக்குவோம்."

ஆபீஸ் கூட்டுகிற வேலை என்றுதான் மகளிடம் சொல்லியிருந்தாள். எலி என்ற சொல்லே அந்த வாடகை அறைக்குள் வந்ததில்லை. வெளியே ஒரு பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. பிறகு சத்தமே இல்லை. பிள்ளையின் மூச்சுச் சத்தமும் இல்லை.

"பாப்பா, மூச்சு விடு. அம்மாடா."

"தெரியும்."

சீப்பு கீழே விழுந்தது.

"இன்னைக்கு நானாம்மா?"

அழவில்லை. ஓடவில்லை. சப்னா மெல்ல முதுகைக் காட்டித் திரும்பி, பின்னலை எடுத்து முன்னால் போட்டுக்கொண்டு, பிடரி தெரியத் தலையைக் குனிந்து நின்றாள்.