தூசியும் நகர்கிறதே

"கதவை மூடுங்க!"

அவள் போட்ட சத்தத்தில், வாசலில் நின்றவன் கையிலிருந்த கருவிப்பெட்டி நழுவப் பார்த்தது. இருட்டறைக்குள் வெளிச்சம் பாய்ந்துவிட்டது. ஆறு மணி நேரமாக மைக்ராஸ்கோப் எடுத்துக்கொண்டிருந்த படம்... போச்சு!

"சர்வீஸுக்கு வரச் சொன்னாங்க..."

"கதவைத் தட்டத் தெரியாதா?"

"மூணு தடவை தட்டினேன். நீங்கதான் மீன் முட்டைக்குள்ள இருந்தீங்க."

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். நனைந்த நெற்றி, இமையில் தங்கிய ஒரு மழைத்துளி, அதற்குக் கீழே அந்தக் கண்கள்... சே, வேலையைப் பார்!

மீன் கருவில் கண் உருவாவதுதான் அவள் ஆராய்ச்சி. முதலில் நடுவில் ஒரே கூட்டமாக இருக்கும் செல்கள், பக்கத்துச் செல்களின் சமிக்ஞை வந்ததும் இரண்டாகப் பிரிந்து இடமும் வலமும் போகும். வராவிட்டால் ஒற்றைக் கண்தான். சமிக்ஞைக்கு முன்பே சில செல்கள் கிளம்பிவிடுகின்றன என்பது அவள் எட்டு மாத உழைப்பில் கண்டது.

அவன் திரையையே பார்த்தான். "கோவிச்சுக்காதீங்க... ஓரத்துல இருக்கிற தூசியும் நகருதே. முட்டை வெச்ச தட்டுதான் மெல்ல நழுவுது."

சுரீரென்றது அவளுக்கு. "திருகாணி முடுக்கறது உங்க வேலை. அதை மட்டும் பாருங்க."

அவன் முகம் வாடியது. தட்டைச் சரிசெய்துவிட்டுப் போய்விட்டான்.

பழைய படங்களைப் போட்டுப் பார்த்தாள். எல்லாவற்றிலும் தூசி நகர்ந்தது. அப்படியானால் செல்கள் முந்திக் கிளம்பியதாகத் தெரிந்ததும் தட்டு நழுவியதால்தானா?

"கட்டுரையை அனுப்பிடும்மா. தூசியை யார் பார்க்கப் போறாங்க?" என்றார் பேராசிரியர்.

"நான் பார்த்துட்டேனே மேடம்."

ஏழு வாரம். நாற்பது கரு. முதலிலிருந்து எல்லாம். பெரும்பாலான செல்கள் காத்திருந்தன. ஓரத்துச் செல்கள் சில மட்டும்... நிஜமாகவே முந்திக் கிளம்பின! தூசி அசையவில்லை.

அன்று மதியமே கொட்டும் மழையில் அவன் பட்டறைக்குப் போனாள். நிமிர்ந்தவன் தடுமாறி எழுந்தான்.

"மறுபடி மெஷின் ரிப்பேரா?"

"இல்ல. நீங்க சொன்னது சரி. நான் பேசினது தப்பு. மன்னிச்சிடுங்க."

"ஃபோன்லயே சொல்லியிருக்கலாமே... இப்படி நனைஞ்சு..."

"இன்னொண்ணு இருக்கு. அதை ஃபோன்ல சொல்ல முடியாது." மூச்சை இழுத்துக்கொண்டாள். "உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு."

அவன் காது மடல் சிவந்துபோனது.

"ரிப்பேர் இல்லாம என்னைத் தேடி யாரும் வந்ததே இல்லைங்க..." என்றவன், பக்கத்து நாற்காலியிலிருந்த கருவிகளை அவசர அவசரமாக எடுத்துக் கீழே வைத்தான். "உட்காருங்க... எனக்கும்தான். அந்தக் கதவைத் திறந்த அன்னைக்கே."