வெள்ளையடித்த மாளிகை

மூன்று நாளாகியும் வாளியிலிருந்த சுண்ணாம்பு ஆறவில்லை. இப்போதுதான் நீற்றியதுபோல் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. மாளிகை வாசலின் பெரிய வெள்ளைத் தூண்களுக்கிடையே அதைப் பார்த்ததும் வடிவம்மா வாசற்படியில் ஏறினாள். வெள்ளையடிக்க உள்ளே போன அவள் புருஷன் அழகர் இன்னும் வீடு திரும்பவில்லை.

கண்டிக்கு வெளியே, கோப்பித் தோட்டத் துரை ஒருவர் கட்டிய மாளிகை அது. பேதி வந்த வருஷம் தோட்டத்து ஆட்களை அங்கேதான் கிடத்தினார்கள். செத்தவர்களைப் பின்புறக் குழியில் தள்ளி, சுண்ணாம்பு கொட்டி மூடினார்கள். இப்போது அதைக் கூத்துக்கும் கச்சேரிக்கும் ஊர்ப் பொது மண்டபமாக்குகிறார்கள்.

“உள்ளுக்கு ஒருத்தரும் இல்ல தங்கச்சி,” என்றார் காவல்காரர் அஸீம். “பின்வாசலால போயிருப்பாரு.”

“அப்ப உள்ள இருமுறது யாரு, அஸீம் நானா?”

அவர் தடுப்பதற்குள் ஓடினாள். பின்னால் கதவு அறைந்து மூடியது.

பலகை அடித்த ஜன்னல்களின் இடுக்கில் மழைக்கால மாலை வெளிச்சம் நூலாய்க் கசிய, ஈரச் சுவரின் வாடையும் அதற்கடியில் அழுகிய பழம்போல் இன்னொரு வாடையும் தொண்டையை அடைக்க, அழகரின் வறட்டு இருமல் மட்டும் அவள் நுழைந்த ஒவ்வோர் அறைக்கும் அடுத்த அறையிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தது.

“என்னங்க... பிள்ளைங்க பட்டினி கெடக்குதுங்க. வாங்க, போயிடலாம்.”

இருமல் நின்றது.

மாடிப்படியருகே இருட்டுக்குள் கையை நீட்டினாள். ஒரு கை வந்து பிடித்துக்கொண்டது. வெடித்துப்போன, சுண்ணாம்பு தின்ற கை. அழுதபடியே அதை வாசல்வரை இழுத்து வந்தாள். ஏன் பேசவில்லை என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை. கதவை உதைத்தாள்.

“தொறங்க நானா! அவரு கெடச்சிட்டாரு!”

வெளியே ஓடிவரும் காலடிகள்.

“வடிவு!” அழகரின் குரல். “நான் இங்கதான் நிக்கிறேன் புள்ள! சுண்ணாம்பு வாங்கப் போய், கலஹா பாதையில மண்ணு சரிஞ்சு மாட்டிக்கிட்டேன். உள்ள யாரு?”

பிடித்திருந்த கை இறுகியது.

திரும்பினாள். கண் இல்லை. மூக்கு இல்லை. வாய் இல்லை. பூசி மெழுகிய வெள்ளை. அதன் மறுகையை இன்னொரு கை பிடித்திருந்தது. அதை இன்னொன்று. கூடம் தாண்டி, படியேறி, மேலே இருட்டுவரை. சின்னக் கைகளும்.

“தொறக்காதீங்க!” அலறினாள். “என்னை விட்டுட்டுப் போங்க! தொறக்காதீங்க!”

“பயப்படாத, வந்துட்டேன்!”

தாழ்ப்பாள் விலகியது. வரிசை முழுவதும் ஓரடி முன்னால் வந்தது.