சீட் காலியாக உள்ளதா?

டிங், டிங், டிங் என்று கார் அலறத் தொடங்கியது. எலெக்ட்ரீஷியன் திடுக்கிட்டுக் கையை இழுத்துக்கொண்டான். டிரைவருக்குப் பக்கத்து சீட்டின் பெல்ட்டைக் கழற்றினான், அவ்வளவுதான். சீட்டில் யாரும் இல்லை. ஆனால் யாரோ பெல்ட் போடாமல் உட்கார்ந்திருப்பதாகத்தான் காருக்கு எண்ணம்.

“பாத்தியா? இதுக்குத்தான் உங்க அக்கா அந்த பெல்ட்டைக் கழட்டவே விடமாட்டேங்குறா,” என்றார் அத்தான், ஷெட் வாசலில் நின்றபடியே. மகள் பாப்பா போன நாளிலிருந்து அவர் காருக்குள் கால் வைக்கவில்லை. “பாப்பா உக்காந்திருக்காளாம். அவளுக்கு பெல்ட் போட்டுவிட்டுட்டு, இவ பக்கத்துலயே உக்காந்து கதை சொல்லிக்கிட்டிருக்கா. சோறு தண்ணி கிடையாது. துரும்பா இளைச்சுட்டா. வயர் கோளாறுன்னு உன் வாயால சொல்லுடா. நீ சொன்னா நம்புவா.”

“வயர்தான் அத்தான். வேற என்ன?”

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், அந்த சீட்டில்தான் பாப்பாவின் மூச்சு நின்றது. ஆறு வயசு. “ஃப்யூஸ் மாமா, உங்க தலையில எப்ப பல்பு எரியும்?” என்று அவன் வழுக்கையைத் தட்டிச் சிரிப்பாள். அவளைத் தவிர வேறு யாரும் அவனை அந்தப் பேரில் கூப்பிட்டதில்லை.

அத்தான் போய்விட்டார். பெட்ரோல் நாற்றமும், சூடேறிய ரப்பர் வாடையும், அவற்றுக்கு நடுவே எங்கிருந்தோ இருமல் சிரப்பின் இனிப்பு வாடையும் தேங்கி நின்ற அந்த ஷெட்டில், அவன் மண்டியிட்டு, சீட்டுக்கு அடியில் டார்ச் அடித்து, கனெக்டரைப் பிடுங்கித் துடைத்து, வயர்களை ஒவ்வொன்றாக மீட்டர் வைத்துப் பார்த்தான். ஒரு குறையும் இல்லை. ஸ்கேனரைச் சொருகினான். சீட்டின் மேல் எடை: பதினெட்டு கிலோ.

கையால் அழுத்தினான். இருபத்தைந்து. கையை எடுத்தான். பதினெட்டு. சென்சார் பொய் சொல்லவில்லை.

சீட் உறையைக் கழற்றி, எடையை உணரும் பாயையே மாற்றிப் புதிதாக ஒன்று போட்டான். மறுபடியும் டிங், டிங். பதினெட்டு.

அடுக்களையில் அக்கா பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. அவள் பிழைத்தாக வேண்டும். ஒரே வழிதான் பாக்கி. இப்போதுள்ள எடையையே பூஜ்ஜியமாக வைத்துக்கொள் என்று காருக்குச் சொல்லிவிடுவது. அதற்கு சீட் வெறுமையாக இருக்க வேண்டும் என்பது தொழில் விதி. ஆள் உட்கார்ந்திருக்கும்போது செய்தால், அவர் எழுந்ததும் கணக்கு மைனஸில் போகும்.

ஸ்கேனர் கேட்டது: சீட் காலியாக உள்ளதா?

கண்களை மூடிக்கொண்டு ‘ஆம்’ என்பதை அழுத்தினான்.

சத்தம் நின்றது. பூஜ்ஜியம்.

“அக்கா! வயர் கோளாறுதான்க்கா! சரியாயிடுச்சு!”

அடுக்களைச் சத்தமும் நின்றது.

சீட்டின் மெத்தை மெல்ல உப்பியது. யாரோ எழுந்ததுபோல.

மைனஸ் ஐந்து.

மைனஸ் பன்னிரண்டு.

மைனஸ் பதினெட்டு.

சிரப் வாடை அவனைக் கடந்து போனது. வீட்டுக்குள் போகும் கதவு திறந்திருந்தது.

கதவருகே அக்கா. அவனைப் பார்க்கவில்லை. காரையும் பார்க்கவில்லை. பக்கவாட்டில் குனிந்து, கையை நீட்டி, எதையோ பற்றியதுபோல் விரல்களை மடக்கிக்கொண்டாள். பாப்பா போன பிறகு அவள் முகத்தில் முதல் சிரிப்பு.

“ஃப்யூஸ் மாமாதான் பெல்ட்டைக் கழட்டிவிட்டாங்களாம்டா. ‘இப்ப நாம ரெண்டு பேரும் போலாமாம்மா’ன்னு கேக்குறா.”