கழுத்தில் துடித்தது எது?

கவின் சும்மா இருந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. ஓட்டக் கோட்டில் நின்ற லோஷினியின் கழுத்தைப் பார்த்துவிட்டு, நேராக விளையாட்டு ஆசிரியர் மகேஸ்வரனிடம் ஓடினான்.

"சார், லோஷினிக்கு நரம்பு துடிக்குது. இன்னும் ஓடவே இல்ல."

நரம்பு என்று காதில் விழுந்ததும், அது நரம்புக் கோளாறுதான் என்று ஆசிரியர் முடிவு கட்டிவிட்டார். சனிக்கிழமை பக்கத்து ஊரான பாலோவில் அஞ்சல் ஓட்டப் போட்டி. கடைசி ஆளாக ஓட லோஷினி வேண்டாம், மாற்று ஆளான ஷர்மினி ஓடட்டும் என்றார். ஆறு மாதப் பயிற்சி ஒரே சொல்லில் போயிற்று.

லோஷினி அழவில்லை. மறுநாள் ஓய்வு நேரத்தில் நூலகத்துக்குப் போய், உடலைப் பற்றிய படப் புத்தகத்தை எடுத்தாள். நரம்புகளுக்கு மஞ்சள் நிறம், ரத்தக்குழாய்களுக்குச் சிவப்பு. கழுத்தில் துடித்த இடத்தைப் படத்தில் தேடினாள். அங்கே இருந்தது சிவப்புக் கோடு. அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தாள்.

மாலையில் திடலில் ஷர்மினி அவளை ஓரமாக இழுத்தாள். முகம் வெளுத்திருந்தது.

"எனக்கும் கழுத்துல துடிக்குது. சார்கிட்ட சொல்லிடாத லா."

"கண்டிப்பா சொல்லணும். வா."

லோஷினி ஆசிரியரிடம் கடிகாரத்தைப் பார்க்கச் சொன்னாள். கவினையும் சேர்த்து மூவரும் முதலில் புல்லில் உட்கார்ந்து, கழுத்தில் விரல் வைத்துக் கால் நிமிடம் எண்ணினார்கள். கவினுக்கு இருபது, லோஷினிக்கு இருபத்தொன்று, ஷர்மினிக்கு இருபத்திரண்டு.

பிறகு கோட்டில் நின்றார்கள். ஆசிரியர் வழக்கம்போல மலாயில், கோட்டுக்கு வாங்க, தயார் என்பதற்கு "கெ காரிசான், செடியா" என்று மட்டும் சொன்னார், விசில் ஊதவில்லை. யாரும் ஓர் அடிகூட எடுத்து வைக்கவில்லை. ஆனால் மூவருக்கும் எண்ணிக்கை முப்பதை நெருங்கியது.

"அலமாக், எனக்கும் நோயா?" என்றான் கவின்.

"நோய் இல்ல," என்றாள் லோஷினி. "ஓடப் போறோம்னு தெரிஞ்சதும் மூளை நரம்பு வழியா இதயத்துக்குச் சேதி அனுப்பிடும். காலுக்கு நிறைய ரத்தம் வேணும்ல, அதான் இதயம் முன்னாடியே வேகமா அடிக்குது. துடிக்கிறது ரத்தக்குழாய் சார். நரம்பு துடிக்காது."

ஆசிரியர் நம்பாமல் பார்த்தார்.

"உங்க கழுத்தைத் தொட்டுப் பாருங்க சார். பாலோக்காரங்க பக்கத்துல நிக்கிறாங்கன்னு நினைச்சுக்குங்க."

இரண்டு வருடமாக அவருடைய அணி பாலோ அணியிடம் தோற்றுவந்தது. விரலை வைத்தார், கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார். அவருக்கும் வேகமாகத்தான் துடித்தது.

"கடைசி ஆள் லோஷினிதான்," என்றார்.

தனக்கும் நோய் இல்லை என்ற நிம்மதியில் ஷர்மினி பெருமூச்சு விட்டாள். ஆசிரியர் விசிலை எடுத்தபோது அவர் கழுத்து இன்னும் துடித்துக்கொண்டிருந்தது. கவின் அதைப் பார்த்தான். இந்த முறை யாரிடமும் ஓடவில்லை.