பெரட்டில் நின்றவள்

கலியாண வீடியோக்களை எடிட் செய்து தலவாக்கலையில் பெயர் வாங்கியவள் வினோதா. ஒரு தேயிலைத் தோட்டத்தின் விளம்பரப் படத்தை முடித்துக்கொடுக்க, மூடுபனி இறங்கிய ஒரு பிற்பகலில், ராகலைக்கு மேலே இருந்த தோட்ட மேனேஜர் துரையின் பங்களாவுக்கு லேப்டாப்போடு வந்து சேர்ந்தாள். உள்ளே ஈரக் கம்பளி வாடை அடித்தது.

“அஞ்சு மணிக்குத் தோட்டமே பாக்க வருது,” என்றார் துரை. “காலைப் பெரட்டுல கடைசி வரிசையில ஒரு பொம்பள நிக்குறா. அவளத் தூக்கிருங்க.”

ஏன் எதற்கென்று வினோதா கேட்கவில்லை. காலையில் பேர் கூப்பிட்டு ஆட்களை வேலைக்கு அனுப்பும் அந்தப் பெரட்டுக் காட்சியின் ஓரத்தை வெட்டினாள். இரண்டு நிமிட வேலை.

அடுத்த காட்சி தொழிற்சாலை. இயந்திரத்துக்குப் பக்கத்தில் அதே பெண் நின்றாள். முகம் வீங்கியிருந்தது.

அதையும் வெட்டினாள்.

அடுத்தது ஆளில்லாத ரோடு.

அங்கேயும் நின்றாள். இப்போது கிட்டத்தில்.

ஹெட்போனில் குளவிக் கூட்டத்தின் இரைச்சல் ஏறிக்கொண்டே போனது.

தேத்தண்ணி கொண்டுவந்த பங்களா வேலைக்காரி ஜீவராணி திரையைப் பார்த்ததும் தட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா, அது எங்கம்மா,” என்று கிசுகிசுத்தாள். “ராக்காயி. இந்தப் படம் புடிச்ச அன்னைக்குப் பெரட்டுல பேரு குடுத்துட்டுத்தான் மலைக்குப் போனாங்க. கொழுந்து எடுக்கையில குளவி கொட்டிச் செத்துட்டாங்க. நட்டஈடு குடுக்கக் கூடாதுன்னு, அன்னைக்கு வேலைக்கே வரலன்னு எழுதிட்டாங்கக்கா.”

வினோதாவுக்கு ஆத்திரம் வந்தது, அதுவும் தன்மேலேயே. வாயை மூடிக்கொண்டு வெட்டியது அவள் கைதானே.

வெட்டிய பெரட்டுக் காட்சியைத் திரும்பச் சேர்த்தாள். அதன்மேல் படம் பிடித்த தேதியைக் கொட்டை எழுத்தில் பதித்தாள்.

“நில்லுங்கம்மா,” என்றாள் திரையைப் பார்த்து. “எவன் தூக்குறான்னு பாத்துருவோம்.”

இரைச்சல் நின்றது. மற்றக் காட்சிகளில் அவள் இல்லை. பெரட்டில் மட்டும், தன் வரிசையில் நின்றாள்.

ஐந்து மணிக்குத் தோட்டத்து மண்டபச் சுவரில் படம் ஓடியது. பெரட்டு வந்ததும் கூட்டம் தேதியை வாய்விட்டு வாசித்தது. ஜீவராணி எழுந்து நின்றாள்.

“நிப்பாட்டுங்க,” என்றார் துரை.

“மாட்டேன்.”

அவரே போய்ப் புரொஜெக்டர் வயரைப் பிடுங்கினார்.

தேதி மறைந்தது. ஆட்கள் மறைந்தார்கள். தேயிலை மறைந்தது.

ராக்காயி மறையவில்லை.

அதற்குப் பிறகு அந்தச் சுவருக்கு மூன்று தடவை பெயின்ட் அடித்துவிட்டார்கள். அப்படியே நிற்கிறாள்.